அண்ணன் நம்பிய நர்ஸ்

லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் முதலில் கேட்பது அவள் குரலைத்தான். "ஹலோ, பதறாதீங்க. ஆள் கிளம்பிட்டார், பக்கத்துல வந்துட்டார்." மெக்கானிக் அப்போதுதான் இரண்டாவது டீக்குச் சொல்லியிருப்பார். லிஃப்ட் கம்பெனியின் அவசர போனுக்கு முன்னால் இருபது வருடம் உட்கார்ந்து இப்படிச் சொல்லிச் சொல்லி, பொய் அவள் வாயில் வெண்ணெய் மாதிரி வழுக்கும். வீட்டிலும் அவளுக்கு 'ஹலோ' என்றே பெயர் நிலைத்துவிட்டது. நாற்பத்தாறு வயது. கல்யாணம் வேண்டாம் என்று ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டு, அண்ணன் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளித் தனியாகக் குடியிருந்தாள்.

அண்ணனுக்கு இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை. படகு கவிழ்ந்தது, பால்கனி இடிந்தது, ஒட்டகம் கடித்தது என்று உலகத்தில் நடக்கக்கூடிய அத்தனையும் மூன்று பிரதிகளில் அவர் மேஜைக்கு வரும். அவரிடம் போய், லீவு மிச்சம் கிடக்கிறது, கடல் தாண்டிப் போய் லக்சா சாப்பிட்டுவிட்டு வருகிறேன் என்றாள் தங்கை.

"அது என்ன லக்சா?"

"தேங்காப்பால் குழம்புல நூடுல்ஸ், இறால் எல்லாம் போட்டது. வீடியோல பாத்தேன்."

"குழம்பு சாப்பிடவா ப்ளேன் ஏறுவாங்க? சரி, யார் கூடப் போற?"

"தனியா."

அண்ணன் கையிலிருந்த டம்ளரை மெல்லக் கீழே வைத்தார். படகும் பால்கனியும் ஒட்டகமும் வரிசையாக அவர் முகத்தில் ஓடின. ஹலோவுக்குக் குரல் வழியாகவே அந்த முகம் பழக்கம். நடுவழியில் நின்ற லிஃப்டுக்குள் எல்லோருக்கும் வருகிற முகம்.

"தனியான்னா மொத்தமா தனியா இல்லண்ணா. கூட ஒரு நர்ஸ் வர்றா. என் சிநேகிதி."

அந்த நர்ஸ் பிறந்தது அந்த நொடியில்தான். அண்ணன் முகம் தெளிந்தது. "நர்ஸா? அதை முதல்லயே சொல்றதுக்கென்ன!"

போய் இறங்கிய துறைமுக ஊரில் ஓயாத மழை. இரண்டாம் நாளே தப்பான பஸ்ஸில் ஏறி, கடைசி நிறுத்தத்தில் தொப்பலாக நனைந்து இறங்கினாள். எதிரே ஒரு கொட்டகை, நான்கு பிளாஸ்டிக் முக்காலி, ஒரு லக்சாக்காரம்மா. பாஷை புரியவில்லை. கிண்ணம் வந்தது. பாதியிலேயே ஹலோ எழுந்துபோய், கல்லுரலைக் காட்டி, "எப்படி?" என்று கையாலேயே கேட்டாள். அந்த அம்மா உலக்கையை அவள் கையில் கொடுத்துவிட்டார். ஊறவைத்த மிளகாய், சின்ன வெங்காயம், சித்தரத்தை, எலுமிச்சைப்புல். அவசரப்பட்டு எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டபோது மணிக்கட்டில் சுளீரென்று ஒரு அடி விழுந்தது. நார் உள்ளது முதலில், நீர் விடுவது கடைசியில். அடுத்த நான்கு நாளும் அதே தப்பான பஸ்ஸில் வேண்டுமென்றே ஏறினாள்.

யாருக்கும் பதில் சொல்லாமல் தூங்கி, நினைத்தபோது எழுந்து, மூன்று வேளையும் குழம்பே சாப்பிட்ட பத்து நாள். ஒரே தொல்லை, சாயங்காலம் வரும் அண்ணனின் போன்.

"நர்ஸ்கிட்ட குடு, ஒரு வார்த்தை பேசறேன்."

"குளிக்கறாண்ணா."

ஐந்தாம் நாள் அண்ணன் கேட்டே விட்டார். "எப்பக் கேட்டாலும் குளிக்கறாளே, ஏம்மா?"

"நர்ஸ் இல்லையா, சுத்தம் பாப்பா."

ஊர் திரும்பியதும் அண்ணன் வீட்டு அடுப்பில் பெலச்சானைச் சுட்டாள். நொதித்த இறாலை இடித்துக் கட்டியாக்கியது. குழம்பில் கரைந்தால் அமிர்தம், சுடும்போது மட்டும் சாக்கடை. கீழ்வீட்டுக்காரர் குழாய் உடைந்துவிட்டதென்று பிளம்பரையே கூப்பிட்டுவிட்டார். பிளம்பர் படியேறி வந்து முகர்ந்து பார்த்து, ஒரு கிண்ணம் குடித்துவிட்டுப் போனார். அண்ணன் மூன்று கிண்ணம். "யார் சொல்லிக் குடுத்தது?" என்றார். பழக்கதோஷத்தில் ஹலோ, "நர்ஸ்தான்" என்றாள்.

அதன்பின் வருடம் ஒரு ஊர், ஊருக்கொரு பதார்த்தம். தேங்காய்ப்பாலில் நாலு மணி நேரம் சுண்டி, கறி கறுத்துத் திரளும் ரெண்டாங். கண்ணில் நீர் வரவைக்கும் புளிப்பில் டாம் யாம் சூப். நர்ஸும் சும்மா இருக்கவில்லை, வருடத்துக்கு வருடம் வளர்ந்தாள். அவளுக்குக் குறட்டை உண்டு, முன்கோபம் உண்டு, கத்தரிக்காய் ஆகாது. ஒருமுறை அண்ணன் போனில் தலை சுற்றுகிறது என்றார். ஹலோ யோசிக்கவே இல்லை. "நர்ஸ் சொல்றா, உப்பைக் குறைக்கணுமாம். தினம் முக்கால் மணி நேரம் நடக்கணுமாம்." இதையே டாக்டரும் அண்ணியும் பத்து வருடமாகத் தொண்டை கிழியச் சொல்லியிருந்தார்கள். அண்ணன் மறுநாளே ஷூ வாங்கினார்.

ஐந்தாம் வருடம், ஒரு ஞாயிறு. அண்ணன் வீட்டு அடுப்பில் ஹலோ ரெண்டாங் கிளறிக்கொண்டிருந்தாள். அண்ணன் கேரியரைக் கழுவித் துடைத்து எடுத்துக்கொண்டு வந்தார்.

"அந்தப் பொண்ணு நம்ம வீட்ல ஒருவாய் சாப்பிட்டதில்ல. நானே கொண்டுபோய்க் குடுத்துட்டு வரேன். எந்த ஆஸ்பத்திரி?"

இத்தனை வருடத்தில் எத்தனையோ பேரைப் பேசிப் பேசியே காப்பாற்றியவள் அன்று சட்டியை மட்டும் வேகமாகக் கிளறினாள்.

"இன்னிக்கு அவங்களுக்கு லீவு," என்றார் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அண்ணி. "காலைல கடைத்தெருவுல பாத்தேனே. ஊருக்குப் போறாங்களாம், பஸ்ஸுக்கு நின்னாங்க."

அண்ணன் ஏமாற்றத்தோடு கூடத்துக்குப் போனதும், ஹலோ குரலை இறக்கினாள். "அண்ணி, எப்பத் தெரியும்?"

"முதல் தடவையே. நீ அனுப்பின படத்துல எல்லாம் ஒரே ஒரு கிண்ணம், ஒரே ஒரு ஸ்பூன். நர்ஸ் என்ன பட்டினியா கிடந்தா?" அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டார், வெங்காயத்துக்குத்தான். "இருக்கட்டும். வர்ற மாசம் எனக்கு அவ வேணும். பத்து நாள்."

"நர்ஸ் கூடன்னா சரி" என்று அண்ணன் தலையாட்டிவிட்டார். கல்யாணமாகி இருபத்தெட்டு வருடத்தில் அண்ணி தனியாகக் கதவைப் பூட்டிக்கொண்டு படுத்தது அந்தப் பத்து நாள்தான். வீட்டிலிருந்து கிளம்புகிற காலையில் கைப்பை கதவிடுக்கில் மாட்டியபோதுகூட அண்ணிக்குச் சிரிப்பு வந்தது.

திரும்பி வந்த அண்ணியிடம் ஒரு மாற்றம். பேச்சு நிற்கவில்லை. சாப்பாட்டு மேஜையில், ஆற்றுச் சந்தையில் படகு மாறி ஏறி மூன்று மணி நேரம் வழி தெரியாமல் அலைந்ததைக் கை ஆட்டிச் சொன்னார். "சுத்தி ஒரு தெரிஞ்ச முகம் கிடையாது! நான் தனியா அன்னாசிப்பழத்தை மடியில வச்சிக்கிட்டு..."

"தனியாவா? நர்ஸ் எங்க?"

ஹலோ மேஜைக்கடியில் அண்ணியின் காலைத் தேடி மிதித்தாள். மிதிபட்டது அண்ணன் கால். அண்ணி கணவர் பக்கம் திரும்பினார்.

"நர்ஸ்னு யாருமே இல்லைங்க. எப்பவும் இல்லை."

அண்ணன் இரண்டு வாய் சாப்பிட்டார். பிறகு நிமிர்ந்தார்.

"அப்ப உப்பைக் குறைக்கச் சொன்னது?"

"நான்தாண்ணா," என்றாள் ஹலோ.

"நடக்கச் சொன்னது?"

"அதுவும்தான்."

"மழையிலகூட நடந்தேனேடி!"

அன்று பாதியில் எழுந்து போனவர், அடுத்த இரண்டு ஞாயிறும் சாப்பாட்டு நேரத்தில் அறையை விட்டு வெளியே வரவில்லை. ஆனால் சாயங்கால நடை நிற்கவில்லை. ஜன்னல் வழியே இருவரும் பார்த்தார்கள். வீம்பில் இன்னும் வேகமாகத்தான் நடந்தார். ஹலோ தட்டை மூடி அறை வாசலில் வைப்பாள். அரை மணியில் தட்டு காலியாக வெளியே வரும், மேலே ஒரு சீட்டோடு. முதல் வாரம்: 'புளிப்பு அதிகம்.' இரண்டாம் வாரம்: 'இன்னும் கொஞ்சம் வைக்கவும்.'

மூன்றாம் ஞாயிறு அவரே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முன்னால் இரண்டு படிவங்களை வைத்தார். பயணக் காப்பீடு, ஒன்று தங்கை பெயரில், ஒன்று மனைவி பெயரில்.

"போங்க, தனியாவே போங்க. ஆனா இதுல கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க," என்றார். "மூணு பிரதி."