பன்னிரண்டாவது ஆட்டக்காரர்

ஜேர்மனியில் உலகக் கிண்ணம் நடப்பதற்கு முந்திய கோடையில் நான் ஒரு கால்பந்துக் கழகத்தின் செயலாளராக இருந்தேன். அப்போது எனக்கு அறுபத்துமூன்று வயது. வாழ்நாளில் மொத்தம் இரண்டு தடவைதான் பந்தை உதைத்திருக்கிறேன். இரண்டாவது தடவை பெருவிரல் நகம் கழன்றது. ஆனாலும் கழகத்துக்குக் கடிதம் எழுதவும் பட்டியல் போடவும் ஓர் ஆள் வேண்டும். ஊரில் பத்தொன்பது வருடம் தபால் கந்தோரில் வேலை பார்த்தவன் என்பதால் நாங்கள் இருந்த ஹம் நகரில் எல்லோரும் என்னைக் கைகாட்டினார்கள். மூன்று நாள் யோசித்துவிட்டுச் சம்மதித்தேன்.

அதைத் தீவு லீக் என்போம். யாழ்ப்பாணத்தை ஒட்டிய தீவுகளில் இருந்து வந்தவர்கள் ரூர் பக்கத்து நகரங்களில் சிதறியிருந்தோம். தீவுக்கு ஓர் அணி என்று ஆறு அணிகள். ஒவ்வோர் அணியும் மற்ற ஐந்துடனும் இரண்டு தடவை ஆடும். ஆக, ஓர் அணிக்குப் பத்து ஆட்டம். ஆறிலும் சிறிய தீவு எங்களுடையது. “உங்கட தீவிலை நிண்டு பந்தை உதைச்சால் கடலுக்கைதான் விழும்” என்று மற்ற அணிக்காரர் பகிடி பண்ணுவார்கள்.

எட்டு விதிகளையும் நானே தட்டச்சுச் செய்து வைத்திருந்தேன், ஒருவரும் வாசிக்காத எட்டாவது உட்பட. ஓர் அணியில் ஆடுபவர் அந்தத் தீவில் பிறந்திருக்க வேண்டும், அல்லது தாயோ தகப்பனோ அங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது அங்கே பெண் எடுத்திருக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதை ஒருவரும் எதிர்க்கவில்லை. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை பெண் வீட்டில் போய் இருப்பதுதான் வழக்கம். போனவன் அந்த ஊர்க்காரன் ஆகிவிடுவான். கடுமையான விதி வேறொன்று. தொடக்க விசில் ஊதும்போது பதினொரு பேர் நிற்காவிட்டால் ஆட்டம் தோல்வி. ஒரே பருவத்தில் இரண்டு தடவை அப்படி நடந்தால் அணி கலைக்கப்படும், ஆட்டக்காரர் பக்கத்துப் பெரிய தீவின் அணியில் சேர்க்கப்படுவார்கள்.

அந்தப் பெரிய தீவின் அணியை நடத்தியவர்தான் லீக் செயலாளர். கெட்டவர் அல்ல. ஆனால் ஐந்து அணிகள் என்றால் ஒழுங்குபடுத்துவது சுலபம் என்று இரண்டு தடவை என் காதுபடச் சொல்லியிருந்தார்.

எங்கள் அணித்தலைவர் ஒரு களஞ்சியத்தில் பாரம் தூக்கும் வண்டி ஓட்டுபவர். வீடு வீடாகப் போய் ஆட்களைக் கெஞ்சிப் பிடித்தவர். “அண்ணை, எங்கட பேர் அழிஞ்சுதெண்டால் நான் பிறகு சப்பாத்துப் போடமாட்டன்” என்றார். அன்று முதல் எனக்கும் அது கவலையாகிவிட்டது. என் மனைவி, “உங்களுக்குப் புதுசாக் கவலைப்பட ஒண்டு கிடைச்சிட்டுது” என்றாள்.

அணித்தலைவர் பெயர்களைத் தொலைபேசியில் சொன்னார். நான் எழுதினேன். பிறகு அடையாள அட்டைப் பிரதியோடு படிவங்கள் தபாலில் வந்தன. எல்லாவற்றையும் ஒப்பிட்டு அடுக்கினேன். கோல் காப்பாளருடைய படிவம் மட்டும் வரவில்லை. பாவம், இரவு வேலைக்காரர், மறந்திருப்பார் என்று நானே அவருக்கு ஒரு படிவம் நிரப்பினேன். அதே சமயம், பட்டியலில் இல்லாத ஒருவரின் படிவம் எசன் நகரில் இருந்து வந்திருந்தது. பிரதியில் முகம் கரியாக இருந்தது. அணித்தலைவர் புதிதாகப் பிடித்த ஆள் என்று அவரையும் சேர்த்தேன். ஆகப் பன்னிரண்டு பேர். ஒருவர் மேலதிகமாக இருக்கிறார் என்ற நிம்மதியில் அன்று நன்றாகச் சாப்பிட்டேன்.

அந்தப் பன்னிரண்டாவது ஆள் ஓர் ஆட்டத்துக்கும் வரவில்லை. அவர் பெயருக்கு நேரே சிவப்புப் புள்ளடி போட்டுக்கொண்டே வந்தேன். நான்காவது ஆட்டத்தன்று தண்டவாள வேலை என்று ரயிலுக்குப் பதிலாக பஸ் விட்டார்கள். எங்கள் ஆள் ஒருவர் தவறான பஸ்ஸில் ஏறிவிட்டார். பத்துப் பேரோடு நின்று தோற்றோம். அந்த எசன்காரர் வந்திருந்தால் தப்பியிருப்போம் என்று எனக்கு ஆற்றாமை. அவருக்குக் கடிதம் எழுதினேன். பதில் இல்லை. மொத்தம் ஐந்து கடிதங்கள். ஐந்தாவதன் உறையில் ‘அவசரம்’ என்று ஜேர்மன் மொழியில் தட்டச்சுச் செய்து, கீழே கோடும் இட்டேன். அணித்தலைவரிடம் ஒரு தடவை அவரைப் பற்றி முறையிட்டேன். அவர், “ஓம் ஓம், வருவார்” என்று சொல்லிவிட்டுப் பந்துக்குக் காற்றடிக்கப் போனார்.

கடைசி ஆட்டம் எசனில், பெரிய தீவுடன். காலையில் ஒருவர் கணுக்கால் வீங்கிவிட்டது, வர ஏலாது என்று அறிவித்தார். நான் பதறவில்லை. பன்னிரண்டில் ஒன்று போனால் பதினொன்று. எசன்காரருக்கு மைதானம் வீட்டு வாசலில்தானே.

இரண்டு மணிக்கு ஆட்டம். ஒன்று நாற்பதுக்கு எண்ணினேன், பத்துப் பேர். கோல் காப்பாளர் என் பக்கத்தில் நின்று கையுறை போட்டுக்கொண்டிருந்தார். எசனில் இருக்கும் அவருடைய அக்கா ஒரு பையோடு விறுவிறு என்று வந்தார்.

“தம்பி, இந்தா, உன்ர பேருக்கு ஐஞ்சு கடிதம். நீ என்ர விலாசத்திலை பதிஞ்சுபோட்டு ஹம்மிலை போய் இருக்கிறாய். என்ன கேசோ தெரியாது, எனக்கு ரெண்டு மாசமா நித்திரை இல்லை.”

மேலே இருந்த உறையில் ‘அவசரம்’, கீழே நான் இட்ட கோடு. கோல் காப்பாளர் ஒன்றைப் பிரித்துச் சத்தமாக வாசித்தார். “‘அன்புடையீர், தாங்கள் இதுவரை ஓர் ஆட்டத்துக்கேனும் சமூகமளிக்கவில்லை.’ என்ன அண்ணை இது? எல்லாத்துக்கும் வந்தனானெல்லோ! பதினெட்டுக் கோல் விட்டிருக்கிறன்.”

“இருபத்திரண்டு” என்றேன். “உறையிலை இருக்கிற பேர் ஆரின்ர?”

“என்ரதான். பாஸ்போட்டிலை இருக்கிற பேர். நீங்கள் கூப்பிடுறது வீட்டுப் பேர்.”

எங்களில் யாருக்குத்தான் இரண்டு பெயர் இல்லை? கடதாசிப் பெயரை அலுவலகங்கள் மட்டுமே கூப்பிடும். பத்து வருடம் பழகியவனின் கடதாசிப் பெயரை நான் ஒரு நாளும் கேட்டதில்லை. ஒருவனை இரண்டாக எண்ணி வைத்திருந்தேன்.

அணித்தலைவர் புல்லில் அமர்ந்துவிட்டார். “அந்த எசன்காரர் உங்கட சொந்தக்காரர் எண்டெல்லோ நான் நினைச்சன்.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “அண்ணை, பட்டியலிலை ஒரு பேர் சும்மா கிடக்கு. அந்தப் பேரிலை ஆரையாவது நிப்பாட்டுவம். ஆருக்குத் தெரியும்?”

“எனக்குத் தெரியும்” என்றேன். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. லீக் செயலாளரிடம் நடந்தேன், நாற்பத்தாறு காலடி. பிழை முழுவதையும் சொன்னேன்.

அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “அண்ணை, தபால் கந்தோரிலையும் இப்பிடித்தானோ? சரி. அப்ப பத்துப் பேர். எழுதட்டோ?” பேனாவைத் திறந்தார்.

“எழுதாதேங்கோ!” கோல் காப்பாளரின் அக்கா எனக்குப் பின்னால் வந்திருந்தார். எதிரணியின் வாங்குப் பலகையில், மாற்று ஆட்டக்காரராக, வாயில் பணிஸ் ரொட்டியோடு இருந்த தன் கணவரைப் பார்த்தார். “இஞ்சாருங்கோ, எழும்புங்கோ. நீங்கள் ஆரைக் கட்டினனீங்கள்?”

“உன்னை” என்றார் அவர், பணிசை விழுங்கி.

“நான் எந்தத் தீவு?”

வாங்கு முழுவதும் சிரித்தது. லீக் செயலாளர் சிரிக்கவில்லை. “அவர் எங்கட அணியிலை பதிஞ்ச ஆள்.”

“எட்டாம் விதி” என்றேன். “பருவத்திலை ஒரு நிமிசமும் ஆடாத ஆள் விசிலுக்கு முதல் அணி மாறலாம். இவர் ஒரு நிமிசமும் ஆடேல்லை. என்னட்டைக் கணக்கு இருக்கு.”

“அதை ஏன் அண்ணை இவ்வளவு சத்தமாச் சொல்லுறியள்?” என்றார் கணவர்.

செயலாளர் விதித்தாளை வாங்கி இரண்டு தடவை வாசித்தார். பிறகு பேனாவை மூடினார். “கொண்டு போங்கோ. எங்களுக்கு ஒரு சோத்துப் பார்சல் மிச்சம்.”

கோல் காப்பாளர் ஓடிவந்து அத்தானைக் கட்டிப்பிடித்தார். எங்கள் சட்டை அத்தானின் வயிற்றில் ஏறவில்லை, பாதியில் நின்றது. விசில் ஊதியபோது பதினொரு பேர் நின்றார்கள். நான் நான்கு தடவை எண்ணினேன்.

பயிற்சியில் வந்த பழக்க தோஷத்தில் அத்தான் பந்தைத் தன் பழைய அணிக்கே கொடுத்தார். முதல் பாதியில் மட்டும் ஆறு தடவை. “அத்தான், இஞ்சாலை!” என்று கத்திக் கத்திக் கோல் காப்பாளருக்குத் தொண்டை கட்டிப்போனது. நான்குக்கு ஒன்று என்று தோற்றோம், அட்டவணையில் கடைசி. அந்த ஒரு கோலை அடித்த அணித்தலைவர் கொடிக்கம்பம் வரை ஓடி, அங்கே என்ன செய்வதென்று தெரியாமல் திரும்பி வந்தார்.

ஆட்டம் முடிந்ததும் செயலாளர் மரத்தடியில் அமர்ந்து அடுத்த பருவத்துக்கான அணிகளின் பெயரை எழுதினார். நான் பக்கத்தில் போய் நின்றேன். ஐந்து எழுதினார். என்னை நிமிர்ந்து பார்த்தார். ஆறாவதாக எங்கள் தீவின் பெயரையும் எழுதினார்.

“காணுமோ அண்ணை, திருப்தியோ?”

“ஒரு எழுத்துக்கு மேலை குத்துப் போடேல்லை” என்றேன்.

புள்ளியைப் போட்டார்.