அம்மா வீட்டுக்குப் போகாத அண்ணி

உத்திரமேரூர் பஸ்ஸின் கண்டக்டர் எங்கள் ஊர்க்காரர். சென்ற மாதம் காஞ்சிபுரத்தில் நான் வேலை செய்யும் அலுவலகத்துக்கே தேடி வந்துவிட்டார். "வூட்லேந்து ஒடனே வரச் சொன்னாங்கம்மா" என்றார்.

"நைனாவா?" என்று கேட்டேன். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். அந்தக் கேள்வி என் வாயில் வெகுநாளாகத் தயாராக இருந்திருக்க வேண்டும்.

"இல்லம்மா. ஒங்க அண்ணி."

மஞ்சள் காமாலை முற்றி அண்ணி கன்னியம்மாள் காலமாகிவிட்டார்கள். கண் மஞ்சளானதை அவர்கள் யாரிடமும் சொல்லவில்லை. யாரும் அவர்கள் கண்ணைப் பார்க்கவும் இல்லை.

காவாந்தண்டலத்திலிருந்து எங்கள் ஊரான திருப்புலிவனத்துக்கு அவர்கள் மருமகளாக வந்தபோது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். அம்மா இல்லாத வீடு. அண்ணி வந்த பிறகு என்னை அடுப்படிக்குள் விடவே இல்லை. "நீ படி பாப்பா, சட்டி நான் கழுவிக்கிறேன்" என்பார்கள். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக நான் பட்டம் வாங்கியபோது தெருவெல்லாம் சர்க்கரை கொடுத்துவிட்டு வந்து, "நம்ம வூட்ல பி.ஏ. கீது. இனிமே மாடுகூட இங்கிலீஷ்லதான் கத்தும்" என்றார்கள். அன்று நைனாவும் சிரித்தார்.

அதற்கு அடுத்த ஆண்டுதான் நைனாவுக்கு ஞாபகம் தப்ப ஆரம்பித்தது. பொழுது சாய்ந்தால் தடியை எடுத்துக்கொண்டு களத்துக்குக் கிளம்பிவிடுவார். களத்தில் ஒன்றும் இருக்காது. ஆனாலும் நெல்லைக் காவல் காக்க வேண்டும் என்பார். ஒரு நாள் வாய்க்காலில் விழுந்து கிடந்தார். அண்ணன் கதவைப் பூட்டினார். நைனா கதவை உதைத்துக்கொண்டு அழுதார்.

அண்ணி கோபப்படவில்லை. "அவருக்குக் காவ காக்கணும், அவ்ளோதான. காக்கறதுக்கு ஒரு குவியல் வெச்சாப் போச்சு" என்றார்கள். பின்கட்டில் இரண்டு மூட்டை நெல்லைக் கொட்டிக் குவித்தார்கள். களத்தில் செய்வதைப் போலவே யாராவது கைவைத்தால் தெரியும்படி சாம்பலைக் கரைத்துக் குவியல்மேல் குறி போட்டார்கள். நைனா குறியைச் சுற்றிப் பார்த்துத் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார். அன்று முதல் அவர் வெளியே ஓடவில்லை. ஆனால் தனியாகவும் உட்காரமாட்டார். பக்கத்தில் இன்னொரு காவல் வேண்டும். அந்தக் காவல் அண்ணிதான். நைனா அண்ணியை மருமகள் என்று அறியவில்லை, கூலிக்கு வந்த பெண் என்றே நினைத்திருந்தார்.

இதை ஊருக்குத் தெரியாமல் மறைத்தோம். "பைத்தியம் இருக்கிற வூடுன்னு பேர் வந்தா பொண்ண எவன் கட்டுவான்?" என்று அண்ணன் சொன்னார். பெண் நான். நான் மறுத்துப் பேசவில்லை. பின்கட்டு வேலியின் படலை எப்போதும் மூடிக் கட்டியே வைத்தோம். அடுத்த வீட்டு ருக்குமணி அக்கா வேலிக்கு அப்பால் நின்று, "இன்னாமே கன்னி, மாமனார ஆளையே காணோம்?" என்று கேட்டால், "முட்டி வலிதான்க்கா" என்று அண்ணி சொல்லிவிடுவார்கள்.

அவர்கள் என்னிடம் கேட்டது ஒன்றுதான். "எங்கம்மாவுக்குக் கண்ணு சரியாத் தெரியலியாம் பாப்பா. நீ லீவு போட்டு வந்தின்னா ஒரு வாரம் போய் இருந்துட்டு வந்துடுவேன்." அடுத்த மாதம் என்றேன். அடுத்த மாதமும் அப்படியே சொன்னேன். காவாந்தண்டலம் தூர தேசமல்ல. நான் ஊருக்கு வரும் அதே பஸ்ஸில்தான் போக வேண்டும்.

என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். அண்ணி பின்கட்டில் நைனாவோடு இருந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா, "பொண்ணோட அண்ணி எங்க?" என்று கேட்டார். அன்று நான் பேசிய ஒரே வாக்கியம் இதுதான்: "அவங்க அம்மா வீட்டுக்குப் போயிருக்காங்க."

வந்தவர்கள் போன பிறகு அண்ணி பின்கட்டுக் கதவைத் திறந்துகொண்டு வந்தார்கள். புடவையெல்லாம் நெல் தூசி. "ஒரு வழியா என்ன எங்கம்மா வூட்டுக்கு அனுப்பிச்சிட்டியே பாப்பா" என்று சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சம்பந்தம் வேறு காரணத்தால் நின்றுபோனது.

காரியத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் அண்ணியைப் பொறுமைசாலி என்றார்கள். நாங்களும் அண்ணி உயிரோடு இருந்தபோது அப்படித்தான் சொன்னோம். அப்படிச் சொல்லிவிட்டால் எழுந்து போய் அவர்கள் பக்கத்தில் உட்கார வேண்டியதில்லை. ருக்குமணி அக்கா மட்டும் என்னைத் தனியே அழைத்துத் திட்டினார். "ஒங்க நைனா கதை ஊருக்கே தெரியும்டி. நீங்க மறைச்சீங்க, கேட்டா ஒங்களுக்கு வெக்கமா இருக்கும்னு நாங்களும் கேக்கல. ஒரு வார்த்த சொல்லியிருந்தா மத்தியானத்துல நான் வந்து ஒக்காந்திருக்க மாட்டேன்? கன்னி கொஞ்ச நேரம் படுத்திருக்குமே."

இப்போது படல் திறந்திருக்கிறது. மத்தியானத்தில் ருக்குமணி அக்கா வந்து உட்காருகிறார். பொழுது சாய்ந்தால் நான். காஞ்சிபுரத்தில் தங்குவதை விட்டு, தினமும் பஸ்ஸில் வந்துவிடுகிறேன். நேற்று குவியலின் குறி கலைந்திருந்தது. அண்ணி போட்டதைப் போல எனக்குப் போட வரவில்லை. நைனா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அந்தப் பொண்ணு எங்க?"

எனக்குத் தெரிந்த பதில் ஒன்றுதான். "அவங்க அம்மா வீட்டுக்குப் போயிருக்காங்க நைனா."

நைனாவின் முகம் தெளிந்தது. "போவட்டும், போவட்டும். பாவம், அம்மாவப் பாக்கணும், அம்மாவப் பாக்கணும்னு எங்கிட்ட சொல்லிக்கினே இருந்துச்சி" என்றார். பிறகு தடியை மடியில் வைத்துக்கொண்டு, அண்ணி வழக்கமாக உட்காரும் இடத்தைக் கையால் துடைத்துவிட்டார்.

அந்த இடத்தில் நான் இன்னும் உட்காரவில்லை. சற்றுத் தள்ளித்தான் உட்காருகிறேன். இங்கே நான் பார்த்துக்கொள்கிறேன், அண்ணி. நீங்கள் போய்ப் படுங்கள்.