ஹட்டன் மாடிக் கட்டடத்து ஜோசப்பின்

ஹட்டன் பெரிய வீதியில் இருந்த பழைய மாடிக் கட்டடத்தைக் கொழும்புக் கம்பனி ஒன்று வாங்கியது. அதைத் தனித்தனி வீடுகளாகப் பிரித்து விற்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும் வாடகைக்கு இருந்தவர்கள் சாமான் கட்டிப் போனார்கள். எஞ்சியவள் ஜோசப்பின். நாற்பது வருஷமாக அந்தக் கட்டடத்தைக் கூட்டித் துடைத்து, படிக்கட்டுக்கு அடியில் இருந்த அறையிலேயே காலத்தைக் கழித்தவள்.

விளம்பரப் புத்தகத்துக்குக் கட்டடத்தின் வரலாறு வேண்டுமென்று கம்பனியிலிருந்து பிரேமினி என்ற பெண் வந்தாள். பதிவுசெய்ய ஃபோனை முன்னால் வைத்தாள்.

“வெள்ளக்காரக் கம்பனி கட்டுனதாம். அதெல்லாம் நான் பாக்கல. எனக்குத் தெரிஞ்சது எம்பத்திமூணாம் வருஷக் கலவரம் தான்” என்றாள் ஜோசப்பின்.

அப்போது அவளுக்கு இருபத்திரண்டு வயது. கணவன் இராயப்பன் அங்கே காவல்காரன். தமிழருக்கு எதிரான அந்தக் கலவரத்தில் வந்த கும்பல் கீழே இருந்த கடைக்குத் தீ வைத்தது. இராயப்பன் பின்சுவரில் ஏணி சாத்தி, மேலே இருந்த ஆறு குடும்பங்களையும் இறக்கிவிட்டான்.

“தையக்காரரு அழகுமுத்துக்குக் காலு ஏலாது, நடக்க மாட்டாரு. மேல ரோட்டுப் பக்கத்து ரூம்ல கெடந்தாரு. ‘நீ மேல் வீட்டுப் புள்ளைங்களக் கூட்டிக்கிட்டு மாதா கோயிலுக்கு ஓடு, நான் அவரத் தூக்கிட்டு வாறேன்’னு சொல்லிட்டு எங்க வீட்டுக்காரரு உள்ள போனாரு. கூர எறங்கிருச்சு. ரெண்டு நாள் கழிச்சுத்தான் எங்கள உள்ள விட்டாங்க. யாரு எவருன்னு பிரிக்க முடியல தங்கச்சி. ஒரே பெட்டியில வச்சுப் பொதச்சோம்.”

பிரேமினி இராயப்பனின் பேரை எழுத்துக்கூட்டிக் கேட்டுக் குறித்துக்கொண்டாள்.

ஒரு மாதம் கழித்துப் புத்தகத்தோடு வந்து வாசித்துக் காட்டினாள். துரைமார், தேயிலைக் கிடங்கு, தேக்குப் படிகள். அடுத்த வரியிலேயே புதுப்பித்த வீடுகள்.

“நடுவுல ஒண்ணுமே இல்லியே?”

“நான் எழுதிக் குடுத்தேன் அம்மா. வாங்க வாறவங்க யோசிப்பாங்கன்னு மேலிடத்துல வெட்டிட்டாங்க.”

“அவரு பேரு மட்டுமாச்சும்?”

பிரேமினி புத்தகத்தை மூடினாள். “அதுவும் இல்ல அம்மா.”

வெளியேற வேண்டிய நாள் வந்தது. டிக்கோயா தோட்டத்து லய வீட்டில் இருக்கும் தங்கை மகள் வரச்சொல்லியிருந்தாள். பையைக் கீழே வைத்துவிட்டு ஜோசப்பின் மாடிக்கு ஏறினாள். பழைய சுவர்கள் ஒன்றும் இல்லை. தரையில் மாபிள் பதித்துக்கொண்டிருந்த மேசன் துஷாந்த் நிமிர்ந்து பார்த்தான்.

“தம்பி, ரோட்டுப் பக்கத்து ரூம் எது?”

“அந்த ரூமு இப்ப இல்லீங்க. பாதிய முன் ஹோலோட சேத்துட்டோம். மீதி பாத்ரூம்.”

எந்த இடம் என்று அவளுக்குப் பிடிபடவில்லை. செருப்பைக் கழற்றி, நடுவில் ஓரிடத்தில் சற்று நேரம் நின்றாள்.

“ஈரம் காயலீங்க, மிதிக்காதீங்க” என்றான் அவன்.

அவள் ஓரமாக நடந்து இறங்கி, பையை எடுத்துக்கொண்டு பஸ் நிலையத்துக்குப் போனாள்.