பன்னிரண்டு பாகம், யாருடைய கையால்?

மீனவர் சங்கத்தில் கிளார்க் வேலை பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் படித்தது கொஞ்சம், மிச்சமெல்லாம் கடற்காரரின் வாயால் படித்தது.

ஒருநாள் காலை, வாடைக்காற்றோடு மழை. ஆலங்குடாவிலிருந்து தனியே கடலுக்குப் போயிருந்த நிஸ்தாரின் போட்டில் எஞ்சின் நின்றுவிட்டது. சங்கத்துக்குப் போன் எடுத்தார்.

"அக்கா, கரையில இருக்கிற கரண்டுக் காத்தாடிக் கோபுரத்துக்கு நேர் மேற்கால நிக்கிறன். மழையில இப்ப ஒண்டும் தெரியல்ல. ஈயக்குண்டக் கயித்துல கட்டி இறக்கிப் பாத்தன், பன்னிரண்டு பாகம். நங்கூரக் கயிறு கல்லுல தேயுது. கெதியா ஆள அனுப்புங்க."

அத்தோடு போன் செத்துவிட்டது. கயிறு அறுந்தால் காற்று அவரை ஆழ்கடலுக்குக் கொண்டு போய்விடும்.

தேடப் போனவர் அன்டன். கோபுரத்துக்கு மேற்கே போகப் போகக் கடல் ஆழமாகும்; ஆழத்தை வைத்துத்தான் தூரத்தைப் பிடிக்க வேண்டும். அவருடைய போட்டில் ஆழம் காட்டும் மெஷின் இருந்தது, ஆனால் அதற்கு மீற்றர்தான் தெரியும். இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம். சங்கத்து அட்டவணையில் அது ஆறு அடி. பெருக்கிப் பார்த்து, "இருபத்திரண்டு மீற்றர் ஆழத்தில பாருங்கோ" என்றேன்.

ஒரு மணித்தியாலம் போனது. அன்டன் போனில் கத்தினார்: "ஒருத்தரையும் காணேல்ல அக்கா! நீங்க சொன்ன ஆழத்திலதான் ஓடுறன்."

நிஸ்தாரின் மனைவி ரிஸானா மழையில் நனைந்தபடி என் மேசைக்கு முன்னால் நின்றிருந்தாள்.

"அக்கா, ஆறடி எண்டு யாருட கையால கணக்குப் பாத்தீங்க?"

"அட்டவணையில இருக்கு பிள்ள."

"அட்டவணையா கடலுக்குப் போன? அவர்ட கை கட்டை. கடைச் சட்டை வாங்கினா சட்டைக் கைய நாலு விரல் வெட்டித்தான் தைச்சுக் குடுக்கிறன். அவர்ட கையும் என்ட கையும் ஒரே அளவு. அளந்து பாருங்க!"

சுவரோடு சாய்ந்து இரு கைகளையும் விரித்தாள். நாடாவைப் பிடித்தேன். சரியாக ஐந்தடி.

பன்னிரண்டு பாகம் அறுபது அடிதான், பதினெட்டு மீற்றர். நான் அன்டனை வெகுதூரம் வெளியே அனுப்பியிருந்தேன்.

"அன்டன், பதினெட்டுக்கு வாங்கோ! கரைப்பக்கம் வாங்கோ!"

அரை மணித்தியாலத்துக்குள் அன்டன் நிஸ்தாரைக் கண்டுபிடித்துவிட்டார். நங்கூரக் கயிற்றின் மூன்று புரியில் இரண்டு அறுந்திருந்தன.

மறுநாள் நிஸ்தார் சங்கத்துக்கு வந்தார். "என்ன அக்கா, என்ட கை கட்டை எண்டு ஊருக்கே சொல்லிப்போட்டீங்க!"

"நான் சொல்லேல்ல. உங்கட வீட்டுக்காரிதான் சொன்னவ. அவவுக்கு நன்றி சொல்லுங்கோ."

"ஓம், சொன்னன். அழுதுபோட்டு, பிறகு ஏசினா."

எறும்பும் தன் கையால் எண்சாண் என்பார்கள். அதைப் பல தரம் சொல்லிச் சிரித்திருக்கிறேன், கணக்கில் சேர்த்ததில்லை. வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளே, பெருக்கலை மெஷின் செய்யும். எண்ணைச் சொன்னவர் எதனால் அளந்தார் என்று நீங்கள்தான் கேட்க வேண்டும். நான் கேட்கவில்லை. கேட்டவள் ரிஸானா. இன்றைக்கும் ஆலங்குடாப் பக்கம் போனால், முதலில் அவள் வீட்டுக்குத்தான் போகிறேன்.