படகுக் கேம் வந்தால்தான் கலியாணம்

வீடியோ கேம் கடைக்காரனுக்கு வாய் நோவதெல்லாம் ஒரே கேள்விக்குப் பதில் சொல்லித்தான்: "அண்ணை, அந்தப் புதுக் கேம் எப்ப வரும்?" நாளைக்கு வா, மறுநாள் வா என்று ஆட்களை அனுப்பிக்கொண்டிருக்கும் தையல்காரர்களே, ரேடியோ திருத்துபவர்களே, உங்களுக்கு என் பாடு விளங்கும். தட்டையான கேம்கள் போய், ஆளைச் சுற்றிச் சுற்றிப் பார்க்கக்கூடிய திறீ-டி கேம்கள் வரத் தொடங்கிய நேரம்தான் திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில் நான் கடை திறந்தேன். இரண்டு டிவி, இரண்டு கேம் பெட்டி, மணித்தியாலக் கணக்கில் விளையாட்டு. சுவர் நிறைய, வரப்போகும் கேம்களின் படங்கள். லண்டனில் இருக்கும் மச்சான் அனுப்பும் கேம் புத்தகங்களிலிருந்து வெட்டி ஒட்டியவை. அதில் ஒரு படம் என் கலியாணத்தையே பிடித்து வைத்துக்கொண்டது, பாருங்கோ.

சீவுளி போடாத முகம்

கிண்ணியாவில் மரம் அரிந்து விற்கும் மரக்காலை வைத்திருக்கும் ஜவாத் நானா நகரத்துக்குச் சாமான் வாங்க வந்தால் என் கடையில் ஏறாமல் போகமாட்டார். சுவரில் ஒரு வீரனின் படத்தைப் பார்த்து மயங்கிப்போனார். மூக்கும் முழியுமாக, ராசா மாதிரி இருந்தான். அந்தக் கேம் எப்ப வரும் என்று வரும்போதெல்லாம் கேட்டுக் கேட்டு என் உயிரை வாங்கினார்.

கடைசியில் சிடி கொழும்பிலிருந்து வந்து சேர்ந்தது. டிவியில் போட்டால், அந்த ராசாவின் முகம் முக்கு முக்காக, மூலை மூலையாக நின்றது. விரல் என்று ஒன்றும் இல்லை, கை முடிகிற இடத்தில் ஒரு கட்டைதான் இருந்தது. நானா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுப் பார்த்தார். பிறகு மிகுந்த கவலையோடு கேட்டார்: "மரத்தை வாய்ச்சியால கொத்தின கையோட விட்டிருக்கானே தம்பி, சீவுளி போட்டு இழைக்க ஆள் இல்லையா அவனுக்கு?"

மாமாவின் நிபந்தனை

தவமலரும் நானும் ஒருவரையொருவர் விரும்பியிருந்தோம். அவளுக்கு அரசாங்கக் கச்சேரியில் தட்டச்சு வேலை. அவளுடைய தகப்பன் சிவபாதம் மாமா துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டுகிறவர். பெரிய பெரிய கப்பல்களைக் கயிறு கட்டி உள்ளே கொண்டுவருவார். ஒரு நாள் வேலை உடுப்போடு நேரே கடைக்கு வந்து, கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். அன்றைக்கென்று பார்த்துக் கடையில் ஒரு குஞ்சு குருமான் இல்லை.

"தம்பி, இதை நம்பி என்ர பிள்ளையை என்னெண்டு தாறது?" என்றார். சுவர்ப் பக்கம் கையை நீட்டினேன். கை போன இடத்தில் ஒரு படம் இருந்தது: பச்சைத் தண்ணீரில் வேகப்படகுகள் ஓடும் பந்தயக் கேம். "மாமா, இது வாற மாசம் வருது. வந்தால் ஊரே இஞ்சைதான் நிக்கும்" என்று அடித்துவிட்டேன். அவர் எழும்பிப் போய்ப் படத்தின் முன்னால் கனநேரம் நின்றார். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டுதான் சொன்னார்: "சரி, அது வரட்டும். வந்த பிறகு கலியாணத்தைக் கதைப்பம்."

தரையில் வந்த சத்தி

படகுக் கேம் வரும்வரை கடையில் சனம் நிற்க வேண்டுமே! சாம்பல்தீவிலிருந்து மீன் கொண்டுவரும் யோகண்ணையைக் கூப்பிட்டு இருத்தி, கோட்டைக்குள் ஒருவன் ஓடித் திரியும் கேம் ஒன்றைப் போட்டுக் கொடுத்தேன். அவன் திரும்பினால் கோட்டையே திரும்பும். சுவரோடு முட்டினால் வானம் கீழே வரும். கொஞ்ச நேரத்தில் யோகண்ணையின் முகம் வெளிறிப்போனது. வெளியே ஓடிப்போய் வடிகானோரம் குந்தி வாந்தி எடுத்தார்.

சோடா வாங்கிக் கொடுத்தேன். கடற்காரனுக்கே இந்தக் கதி என்றால் மாமாவைப் படகுக் கேமில் ஏற்றினால் என்ன நடக்குமோ! யோகண்ணை வாயைத் துடைத்துவிட்டுச் சொன்னார்: "மீசை முளைச்ச நாளில இருந்து கடலுக்குப் போறன், ஒரு நாள் சத்தி எடுத்ததில்லை. தரையில இருத்தி வைச்சு எடுக்கப் பண்ணிப்போட்டியேடா!"

தள்ளிப்போன திகதி

அடுத்த புத்தகம் வந்தது. படகுக் கேம் பிந்தும் என்று போட்டிருந்தது. அதற்கடுத்த புத்தகத்தில் இன்னும் பிந்தும் என்றிருந்தது. இனிப் புத்தகத்தைத் திறந்து பார்க்கவே பயமாகிவிட்டது. எங்கேயோ கண் காணாத தேசத்தில் எவனோ வேலையை முடிக்காததற்கு, திருகோணமலையில் நான் தனிக்கட்டையாக நிற்கவேண்டிக் கிடந்தது.

கச்சேரி வாசலில் தவமலரிடம் சொன்னேன். அவளுக்குக் கண் கலங்கியது. அப்பாவிடம் கதைத்துப் பார்க்கிறாயா என்று கேட்டேன். கதைத்துவிட்டாளாம், மனுசன் சொன்ன சொல்லிலேயே நிற்கிறாராம். பிறகு லேஞ்சியால் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "கேம் செய்யிறவங்களுக்கும் என்ர அப்பா மாதிரி ஒரு மாமனார் வாய்ச்சிருந்தா, சொன்ன திகதிக்கு முடிச்சுக் குடுத்திருப்பாங்கள்."

வழி விட்டவர்

ஒரு புத்தகத்தோடு மாதிரி சிடி ஒன்று வந்தது. வரப்போகும் படகுக் கேமின் ஒரேயொரு பந்தயம் மட்டும் அதில் இருந்தது. ஓடி மாமாவைக் கூட்டிக்கொண்டு வந்தேன். சத்தி கித்தி ஒன்றும் வரவில்லை. மாமா கேம் பிடியைக் கையில் வாங்கி, துறைமுகத்துக்குள் ஓடும் வேகத்தில் படகை மெல்ல, மெல்ல எடுத்தார். வலப்பக்கத்தால் ஒரு படகு வந்தால் நிறுத்தி, அதைப் போகவிட்டுத்தான் எடுப்பார். எல்லாப் படகும் போய் முடிந்தது. மாமா கடைசி.

சனிக்கிழமைதோறும் வந்தார். சனிக்கிழமைதோறும் கடைசி. அந்தக் கூத்தைப் பார்க்கவே கடை நிரம்பத் தொடங்கியது. ஜவாத் நானா கிண்ணியாவிலிருந்து அதற்கென்றே வந்தார். "பட்டனை அமத்துங்க சிவபாதம், அமத்துங்க!" என்று சனம் கத்தும். மாமா திரும்பிப் பார்த்து முறைப்பார்: "வலப்பக்கத்தால வாறவனுக்கு வழி விடாட்டி லைசென்சைப் பறிச்சுப்போடுவாங்கள், தெரியுமே?"

சீதனம்

பிறகு வந்த புத்தகத்தில், ஒரு மூலையில், நாலே நாலு வரி. படகுக் கேமைச் செய்த கொம்பனி அதைக் கைவிட்டுவிட்டதாம். கடவுளே! இனி அது வரவே வராது. அன்றைக்கும் சனிக்கிழமை. கடை முட்டச் சனம். மாமா வழக்கம்போல் கடைசியாக வந்து முடித்து, வேர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார். மறைத்தால் பிறகு தவமலரின் முகத்தில் முழிக்க ஏலாது. புத்தகத்தை நீட்டி விஷயத்தைச் சொன்னேன்.

மாமாவின் முகம் விழுந்துவிட்டது. என்னைவிட அவருக்குத்தான் கவலை என்று அப்போதுதான் விளங்கியது. கடையை ஒரு சுற்றுப் பார்த்தார். "வராத கேமைக் காட்டியே இவ்வளவு சனத்தை வைச்சிருக்கிறீர். என்ர பிள்ளையைப் பட்டினி போடமாட்டீர்" என்றார். சனம் வந்தது அவரைப் பார்க்கத்தான் என்று சொல்ல எனக்கென்ன விசரா? தலையை மட்டும் ஆட்டினேன். அவர் கேம் பெட்டியைத் திறந்து மாதிரி சிடியை எடுத்து, சட்டைப் பொக்கற்றில் பத்திரமாக வைத்தார்: "சீதனமா வீடு நான் தாறன் தம்பி. உம்மட பக்கத்தால எனக்கு இது."

வந்த கேம்களால் எனக்குக் கடை வாடகை கிடைத்தது, வராத கேமால் பெண்சாதி கிடைத்தாள் என்பதே எங்கள் தொழிலில் நான் கண்ட இலாபம்.