பூட்டிய வீட்டின் கதவு எண்

மூன்று வருடம் முன்பு, ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்த நேரம். காரைக்குடி பக்கத்தில் தரைக்குப் பதிக்கும் பூக்கல் செய்யும் சின்னப் பட்டறை வைத்திருக்கிறேன். வீடும் அதற்குள்தான். செய்த கல்லைச் சில நாள் தண்ணீர்த் தொட்டியில் போட்டால்தான் இறுகும். மூன்று தொட்டி உண்டு. பின்னால் இருந்ததில் அப்போது கல் போடவில்லை. மழைத் தண்ணீர் கிடந்தது.

எனக்குக் காய்ச்சல் வந்தது. மூன்று நாள் பொறுத்தேன். கண்ணுக்குப் பின்னால் வலி தாங்காமல் டவுனில் ஒரு கிளினிக்குக்குப் போனேன். ரத்தம் எடுத்துப் பார்த்து, டெங்கு என்றார் டாக்டரம்மா. நர்ஸ் ஒரு தாளை வைத்துக்கொண்டு விலாசம் கேட்டது. எதற்கு என்றேன்.

"டெங்குன்னா கவர்மெண்டுக்குச் சொல்லியாகணும்ணே. சட்டம். சொல்லாட்டி எங்களத்தான் கேப்பாக."

எனக்குச் சுருக்கென்றது. கொரோனா சமயத்திலும் இப்படித்தான் ஒரு தாளில் எழுதினார்கள். மறுநாள் என் வாசலில் தகரம் அடித்தார்கள். அதைக் கழற்றிய பிறகும் மாதக்கணக்கில் ஒருத்தரும் கல் கேட்டு வரவில்லை. வைத்தியத்துக்கு வந்தவனை ஏன் காட்டிக் கொடுக்க வேண்டும்? இந்தத் தடவை பட்டறையையே மூடிவிட்டால்?

பள்ளத்தூரில் ஒரு பெரிய வீட்டில் முந்தின வருடம் தரை போட்டிருந்தேன். வீட்டுக்காரர்கள் வெளிநாட்டில். வருடம் பூராவும் பூட்டுத்தான். அந்தக் கதவு எண் மனதில் இருந்தது. அதைச் சொன்னேன். போன் நம்பரிலும் ஒன்றை மாற்றினேன். ஆளில்லாத வீடு, யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்தேன்.

காய்ச்சல் விட்டது. பிறகு ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் அந்த வீட்டை அவ்வப்போது வந்து பார்த்துவிட்டுப் போகும் வாட்ச்மேனைப் பார்த்தேன்.

"சுகாதார ஆளுக வந்து ரெண்டு நாளா அண்டா குண்டாவெல்லாம் கவுத்துப் பாத்துட்டுப் போனாகண்ணே. அங்குட்டு மனுசனும் இல்ல, கொசுவும் இல்ல. எவன் குடுத்த அட்ரஸோ" என்று சிரித்தார்.

நானும் சிரித்தேன். தெரிந்துகொண்டுதான் ஆழம் பார்க்கிறாரோ என்று வீடு வரும்வரை யோசனை.

தொட்டியில் கல்லை இறக்கி எடுக்க என் பட்டறைக்கு ஒரு பெண் வருகிறாள். அவள் மகள் அப்போது இரண்டாம் வகுப்பு. பள்ளி விட்டதும் வந்து, பின் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதும். அந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் ஏறிய தாயிடம் குனிந்து சொன்னேன்.

"பட்டறைன்னு வாயத் தொறந்துறாத ஆத்தா. வேற எடம் எதையாச்சும் சொல்லு. இழுத்து மூடிருவாக."

"பிள்ள கண்ணு முழிக்க மாட்டேங்குது. பொய் சொல்ல எனக்கு எங்குட்டுண்ணே தெம்பு இருக்கு?" என்றாள். ஆட்டோ போய்விட்டது.

பிள்ளையைச் சிவகங்கை பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள். மறுநாள் காலை பட்டறை வாசலில் வண்டி நின்றது. அவள் உள்ளதைச் சொல்லியிருக்கிறாள். எனக்கு அவள் மேலேயே கோபம் வந்தது.

சுகாதார ஆய்வாளர் நேராகப் பின் தொட்டிக்குப் போனார். டார்ச் அடித்தார். கொசுப்புழு நெளிந்தது. நிறைய.

"இதுக்கு முந்தி இங்க யாருக்காச்சும் காய்ச்சல் இருந்துச்சா?"

பொய் வாய்வரை வந்தது. தொட்டி விளிம்பில் அந்தப் பிள்ளை பென்சில் சீவிய தூள் கிடந்தது.

"எனக்கு இருந்துச்சு. மூணு வாரம் இருக்கும்" என்றேன்.

"லிஸ்டுல இந்த விலாசமே இல்லையே?"

"பள்ளத்தூர்னு இருக்கும் பாருங்க."

அவர் தாளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அது நீங்கதானா? அந்தப் பூட்டுன வீட்டுல ரெண்டு நாள் கெடந்தோம். அன்னைக்கே இங்க வந்திருந்தா இது அரை மணி நேர வேல."

அரை மணி நேரம்தான் ஆனது. தண்ணீரைத் திறந்துவிட்டுத் தொட்டியைத் தேய்த்தார்கள், புகை போட்டார்கள். வாராவாரம் தேய்க்கச் சொன்னார்கள். பட்டறையை யாரும் மூடவில்லை.

பிள்ளை ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தது. முதல் நாலு நாள் டாக்டர்கள் பிடி கொடுத்துப் பேசவில்லை. தினமும் பஸ் ஏறிப் போய் வராந்தாவில் நின்றேன். ஐந்தாம் நாள் அவளிடம் நான் செய்ததைச் சொன்னேன். கேட்டுக்கொண்டாள்.

"இன்னைக்குக் கஞ்சி குடிச்சுச்சுண்ணே" என்றாள். 

பிள்ளை பிழைத்து வந்தது. அவள் இன்றும் வேலைக்கு வருகிறாள். அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை. மகளை மட்டும் பட்டறைக்குள் விடுவதில்லை. பள்ளி விட்டு வந்தால் மழையானாலும் குடையோடு வாசலுக்கு வெளியேதான் நிற்கும். ஊரில் உள்ள எல்லார் மேலும் சந்தேகப்பட்டவன் நான். இப்போது வாராவாரம் அந்தத் தொட்டியை என் கையாலேயே தேய்க்கிறேன், அப்படியும் அவள் என்னை நம்பவில்லை, அது சரிதான் என்று எனக்கும் படுகிறது.