கடிதத்துக்குள் வைத்த துண்டு

எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. ஆறவேண்டும் என்று நான் எந்தப் புனிதருக்கும் நேர்ந்துகொள்ளவும் இல்லை.

எங்கள் வீடுகளில் கடிதத்துக்கு ஒரு முறை இருந்தது. யார் பேருக்கு வந்தாலும் அது வீட்டுக்கே வந்த கடிதம். ஒருவர் உரக்க வாசிப்பார். அடுப்படியில் நிற்பவர் முதல் வேலிக்கு அப்பால் நிற்பவர் வரை கேட்டுக்கொண்டிருப்பார்கள். அதனால் எழுதுகிறவர் அதற்கேற்ற மாதிரி எழுதுவார். சுகம் விசாரிப்பார், மழை பெய்ததை எழுதுவார், இன்னாரை நான் கேட்டதாகச் சொல்லவும் என்று எழுதுவார். ஒருவருக்கு மட்டும் தெரியவேண்டிய சங்கதி என்றால் வேறொரு சின்னத் தாளில் எழுதி, நாலாக மடித்து உள்ளே வைப்பார். அதைத் துண்டு என்போம். கடிதத்தைப் பிரிக்கும்போது துண்டு விழுந்தால், வாசிக்கிறவர் அதைப் பிரிக்காமல் உரியவர் கையில் கொடுத்துவிட்டு மிச்சத்தை வாசிப்பார். அதில் என்ன இருக்கிறது என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்ட எனக்கே இது தெரியும். இதை எனக்கு யாரும் சொல்லித் தந்ததாக நினைவில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில், நாங்கள் இத்தாலியில் பல்லரோச் சந்தைக்குப் பின்னால் மூன்றாம் மாடியில் இருந்தபோது, என் மருமகன் ஒரு கொம்பியூட்டர் கொண்டுவந்தார். அவர் துப்புரவு செய்த கந்தோரில் வேண்டாம் என்று ஒதுக்கிய பெட்டி. டெலிபோன் வயரை அதில் கொழுவினால் கொஞ்ச நேரம் கீச்சிட்டுக் கத்தும். பிறகு கடிதம் போகும், வரும். தமிழை இங்கிலீஷ் எழுத்தில்தான் அடிக்கவேண்டும். எனக்கு அந்த எழுத்துத் தெரியாது. நான் சொல்லுவேன், மருமகன் அடிப்பார். வந்ததை அவரே வாசித்துக் காட்டுவார்.

கனடாவில் இருக்கிற என் தங்கச்சியின் மகன் எங்கள் ஊர்க்காரரின் விலாசங்களை எல்லாம் சேர்த்து ஒரு லிஸ்ட் வைத்திருந்தான். லண்டன், பாரிஸ், நோர்வே, எங்கே இருந்தாலும், அந்த லிஸ்டுக்கு ஒன்று எழுதினால் எல்லாருக்கும் போகும். யார் செத்தது, யாருக்குப் பிள்ளை பிறந்தது என்று அதில் அறிந்துகொள்வோம். நல்ல காரியம் என்றுதான் நானும் நினைத்தேன். கெட்டிக்காரன் என்று தங்கச்சியிடம் சொல்லியும் இருக்கிறேன்.

அந்தக் காலத்தில் எனக்கு ஒரு சிநேகிதி இருந்தாள். என்னைவிடப் பத்து வயது இளையவள். கால்சாப் பகுதியில் புதுக்கிக் கட்டிய பழைய மாளிகை ஒன்றில் நான் இரண்டாம் மாடிச் சிஞ்ஞோராவிடம் வேலை செய்தேன், அவள் மேல்மாடியில். காலையில் இரண்டு பேரும் ஒன்றாக நடந்து போவோம். வெள்ளிக்கிழமைகளில் மாளிகையின் கல்படிகளைச் சேர்ந்து கழுவுவோம், அவள் மேலிருந்து, நான் கீழிருந்து. நடுவில் சந்திக்கும்போது வாளிகளை வைத்துவிட்டுக் கொஞ்சம் இருப்போம். அவள் கதைத்ததெல்லாம் அந்தப் படியில்தான்.

அவளுக்கு ஒரே மகன். ஹோட்டல் குசினியில் வேலை. சிரித்த முகம், கைசுத்தம், வாய்சுத்தம். சின்ன வயதில் ஊரில் ஷெல் விழுந்த சத்தத்தில் அவனுக்கு இடது காது போய்விட்டது. பார்த்தால் தெரியாது. ஜெர்மனியில் பேசின சம்பந்தம் ஒன்று அதனால் குழம்பியிருந்தது. வேண்டாம் என்று சொன்னதோடு அவர்கள் நிற்கவில்லை, கண்ட கண்ட இடமெல்லாம் கதைத்தார்கள். அதைச் சொன்ன அன்று அவள் துடைப்புத் துணியை முறுக்கிப் பிழிந்தபடி இருந்தாள்.

"இனி அவன்ரை காதைப் பற்றி ஒருத்தரோடையும் கதைக்கிறேல்லை எண்டு சத்தியம் பண்ணியிருக்கிறன் அக்கா. உங்களுக்குச் சொன்னதோடை சரி."

"எனக்குச் சொன்னது கிணத்திலை போட்டமாதிரி," என்றேன். அப்படித்தான் சொன்னேன்.

பிறகு என் தங்கச்சி தன் மகளுக்கு மாப்பிள்ளை தேடினாள். சுற்றிச் சுற்றி என் சிநேகிதியின் மகனின் படம் அவள் கைக்கே போயிற்று. தங்கச்சி எனக்கு டெலிபோன் எடுத்தாள். "அக்கா, நீ பக்கத்திலை இருக்கிறாய். ஒண்டும் ஒளிக்காமல் எழுது. என்ரை பிள்ளையின்ரை வாழ்க்கை."

சம்பந்தம் பேசும்போது சொந்தச் சகோதரி கேட்டால் உண்மை சொல்லவேண்டும். அதுவும் எங்கள் முறைதான். இரண்டு நாள் யோசித்தேன். சிநேகிதியிடம் முதலில் ஒரு சொல் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அது என் பிழை, அதை நான் யார் தலையிலும் கட்டவில்லை.

மருமகனைப் பெட்டிக்கு முன்னால் இருத்தினேன். முதலில் எல்லாரும் கேட்கக்கூடிய கடிதம். "ஊர்ச்சனம் எல்லாரையும் நான் கேட்டதாகச் சொல்லவும்" என்று வழக்கம்போல் முடித்தேன்.

"இனித் துண்டு," என்றேன்.

"மாமி, இதிலை துண்டு வைக்கேலாது."

"ஏன் ஏலாது?"

"இதிலை தாள் எங்கை கிடக்கு மடிச்சு வைக்க?"

"அப்ப கீழை ஒரு கோடு இழுத்து, துண்டு, அம்மாவுக்கு மட்டும் எண்டு போடுங்கோ. அவனும் எங்கடை வீட்டுப் பிள்ளைதானே, விளங்கும்."

கோடு இழுத்தார். கோட்டுக்குக் கீழே நான் சொன்னது இவ்வளவுதான்: பெடியன் தங்கம். இடது காது கேளாது, ஷெல்லால் வந்தது. கேட்டால் அவனே சொல்லுவான். இதை வெளியில் கதைத்து அந்தத் தாயை அழவைக்கவேண்டாம். தங்கச்சியிடம் கொம்பியூட்டர் இல்லாததால் கடிதம் மகனின் விலாசத்துக்குப் போனது.

அடுத்த புதன்கிழமை மருமகன் வேலையால் வந்து பெட்டியைத் திறந்தவர் ஒன்றையே திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தார். தேத்தண்ணி ஆறிக்கொண்டிருந்தது.

"என்ன தம்பி?"

"மாமி, உங்கடை கடிதம் லிஸ்டுக்குப் போட்டுது."

"எந்தக் கடிதம்?"

"முழுக்க. துண்டும் சேர்த்து."

ஊர்ச்சனம் எல்லாரையும் கேட்டதாகச் சொல்லவும் என்ற வரியைக் கண்டதும், தங்கச்சியின் மகன் எல்லாருக்கும் அனுப்புகிற பொத்தானை அமத்திவிட்டான். அவன் கடைசிவரை வாசிக்கவில்லை. கோட்டைக் கண்டிருக்கிறான், கையெழுத்து வைக்கிற இடம் என்று நினைத்தானாம். எங்கள் வீட்டுப் பிள்ளை!

அதோடு முடியவில்லை. பதில்கள் வந்திருந்தன. வாசியுங்கோ என்றேன். மருமகன் தயங்கினார். வாசியுங்கோ என்று திரும்பவும் சொன்னேன். ஒருவன், மாப்பிள்ளைக்கு வலப்பக்கம் பொம்பிளையை இருத்துங்கோ, இடப்பக்கம் இருந்தால் அவள் ஏசுவது கேளாது, அவன் பாக்கியசாலி என்று எழுதியிருந்தான். இன்னொருவன், ஐயர் மந்திரத்துக்கு மைக் வேண்டும் என்றான். நாங்கள் வேதக்காரர், மாதா கோயில் சனம் என்றுகூட அந்த மூதேவிக்குத் தெரியவில்லை. மூன்றாவது ஆள், இத்தாலியில் கக்கூஸ் கழுவுகிற மனிசிகளுக்கு இப்ப சம்பந்தம் பேசுகிற வேலையும் கிடைத்திருக்கு என்று எழுதியிருந்தது. ஒருவரும் தகப்பன் வைத்த பேர் போடவில்லை. குருவியின் பேர், மரத்தின் பேர், அப்படி ஏதோ.

பல்லரோவில் மீன்காரனோடு நான் எத்தனை தரம் சண்டை பிடித்திருக்கிறேன். அவனும் கத்துவான், நானும் எனக்குத் தெரிந்த இத்தாலியனில் கத்துவேன். ஆனால் அவன் என் முகத்தைப் பார்த்துக் கத்துவான். எந்தச் சொல் எனக்கு எங்கே படுகிறது என்று அவனுக்குத் தெரியும். கூடிப்போனால் மறுநாள் ஒரு பிடி மீன் கூடப் போட்டுத் தருவான். இவர்களோ பெட்டிக்குள் இருந்துகொண்டு, தாங்கள் காணாத ஒரு பெடியனின் காதைப் பிடித்து இழுத்துச் சிரித்தார்கள். நேரில் வந்தால் இதே ஆட்கள் என்னை அக்கா என்று கூப்பிட்டு, இருங்கோ என்று கதிரை இழுத்துப் போடுவார்கள்.

நான் அன்றைக்கே சிநேகிதியிடம் போயிருக்கவேண்டும். போகவில்லை. அதற்குப் பதிலாக மருமகனிடம், "அதைத் திருப்பி எடுக்கச் சொல்லுங்கோ அவனுக்கு," என்றேன். தபால் கந்தோரில் சொன்னால் மறித்து வைப்பார்களே, அப்படி ஒரு வழி இருக்கும் என்று நம்பினேன். வியாழன் வெள்ளி சனி மூன்று நாளும் அந்த நம்பிக்கையில் போயிற்று. வெள்ளிக்கிழமை அவளோடு படி கழுவினேன். நடுப்படியில் இருந்தோம். மகனுக்குக் கனடாவில் ஒன்று சரிவரும்போல் இருக்கிறது என்று மெதுவாகச் சொன்னாள். நான் வாளித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு ஓம் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்தால் கோயில் வாசலில் ஒரு தாள் கை மாறிக்கொண்டிருந்தது. யாரோ அச்செடுத்துக் கொண்டுவந்திருந்தார்கள். நான் போய்ச் சேர முன்னம் அது அவள் கைக்குப் போய்விட்டது. அவள் இங்கிலீஷ் எழுத்து வாசிப்பாள்.

"பிள்ளை, அதை நான் அவங்களுக்கு எழுதேல்லை," என்றேன். "தங்கச்சிக்கு மட்டும் எண்டு எழுதினது. உவங்கள்தான் இப்பிடி..."

அவள் தாளை நாலாக மடித்தாள். துண்டு மடிப்பது மாதிரியே.

"அவங்கள் ஆரெண்டு எனக்குத் தெரியாது அக்கா," என்றாள். "உங்களைத் தெரியும்."

திங்கட்கிழமை முதல் அவள் வேலைக்குக் கபோச் சந்தைப் பக்கமாகச் சுற்றிப் போனாள். எங்கள் தெருவிலிருந்து கால்சாவுக்கு யாராவது அப்படிப் போவார்களா? எதிர்ப்பக்கம். அரைமணித்தியாலம் கூட நடக்கவேண்டும். எனக்கு முகம் கொடுக்காமல் இருக்க அவள் அவ்வளவு நடந்தாள்.

அன்று பின்னேரம் தங்கச்சியின் மகன் டெலிபோன் எடுத்தான்.

"பெரியம்மா, லிஸ்டிலை சொறி போட்டிருக்கிறன். ஆற்றையும் மனம் நொந்திருந்தால் மன்னிக்கவும் எண்டு."

"இருந்தாலோ? நொந்திருக்கோ இல்லையோ எண்டு உனக்கு ஐமிச்சமோ?"

"அது அப்பிடித்தான் பெரியம்மா எழுதிறது. ஏன் இவ்வளவு கோபம்? கொம்பியூட்டரிலைதானே. ரெண்டு நாளிலை மறந்துபோடுவாங்கள்."

"கோயில் வாசலிலை கையிலை பிடிச்சுக்கொண்டு நிண்டாள் மோனே. அது கொம்பியூட்டர் இல்லை, தாள். எனக்கு உன்ரை சொறி வேண்டாம். அந்தத் தாய்க்கு டெலிபோன் எடுத்துச் சொல்லு."

"அவவை எனக்குத் தெரியாதே பெரியம்மா."

"தெரியாத மனிசியின்ரை பிள்ளையை ஊருக்குக் காட்டத் தெரிஞ்சுதே? அப்ப கதைக்கவும் தெரியும். எடு."

தங்கச்சி இடையில் வாங்கி, "அக்கா, பிள்ளையை ஏசாதை, அவன் அழுறான்," என்றாள். அழட்டும் என்று வைத்துவிட்டேன்.

பிறகு மருமகனைப் பெட்டிக்கு முன்னால் இருத்தி லிஸ்டுக்கு நானே ஒன்று சொன்னேன். முதலில் என் பேர், தகப்பன் பேர், எந்த ஒழுங்கையில் எங்கள் வீடு இருந்தது என்பது. பிறகு, ஓம், நான் கழுவுகிறேன், பதினோரு வருடமாக என் சொந்தப் பேரில் கழுவுகிறேன், இங்கே இருக்கத் தந்த பெர்மெஸ்ஸோவிலும் அந்தப் பேர்தான் இருக்கிறது என்றேன். அந்தக் காதைக் கெடுத்த ஷெல் உங்கள் வளவிலும் விழுந்தது, மறந்துபோனீர்களா என்று கேட்டேன். அந்தப் பெடியனின் தாய்க்கு முன்னால் வந்து நின்று சொல்லமுடியாத ஒன்றை எழுதவேண்டாம், எழுதினால் பேரைப் போடுங்கள் என்று முடித்தேன்.

"மாமி, கொஞ்சம் மெதுவாக்கிப் போடட்டோ?" என்று மருமகன் கேட்டார்.

"ஒரு எழுத்தும் மாத்தக்கூடாது."

இரண்டு நாள் லிஸ்டில் மூச்சுப்பேச்சு இல்லை. மூன்றாம் நாள் ஒருவர் கத்தரிக்காய்க் குழம்புக்கு எப்போது பால் விடுவது என்று கேட்டு எழுதினார். அதற்குப் பதினெட்டுப் பேர் பதில் எழுதினார்கள், நான் எண்ணிக்கொண்டிருந்தேன். குருவியும் எழுதியது, நல்ல மரியாதையாக.

தங்கச்சியின் மகன் டெலிபோன் எடுத்தானாம். அதை எனக்குச் சொன்னது அந்தப் பெடியன்தான். தெருவில் கண்டு தானாக நின்று கதைத்தான். "இடப்பக்கக் காதிலை வைச்சுத்தான் கேட்டனான் ஆச்சி, ஒண்டும் நோகேல்லை," என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "அம்மா?" என்று கேட்டேன். "அம்மா டெலிபோனுக்கு வரேல்லை," என்றான். கனடாச் சம்பந்தமும் சரிவரவில்லை. தங்கச்சி வேண்டாம் என்று சொல்லவில்லை. என் சிநேகிதிதான் வேண்டாம் என்றாள்.

பெரிய வெள்ளி கழிந்து ஒரு காலை அவள் எங்கள் வாசலில் பழையபடி நின்றாள். நான் செருப்பைக் கொழுவிக்கொண்டு இறங்கினேன். சேர்ந்து நடந்தோம். வெள்ளிக்கிழமைகளில் திரும்பவும் படி கழுவினோம், அவள் மேலிருந்து, நான் கீழிருந்து. நடுப்படியில் இருப்போம். இன்றைக்குத் தண்ணி குளிர் என்பாள். மத்தி மீன் விலை ஏறிவிட்டது என்பாள். சிஞ்ஞோராவின் நாயைப் பற்றிக் கதைப்பாள்.

மருமகன் இப்போதும் எனக்கு எழுதித் தருகிறார். அனுப்ப முன்னம் யார் யாருக்குப் போகிறது என்று பேர் பேராக வாசிக்கச் சொல்லுவேன். அவருக்கு அலுப்புத்தான், இருந்தாலும் வாசிப்பார்.

அடுத்த வருடம் ஒரு ஞாயிறு, பூசை முடிவில் சுவாமி கலியாண அறிவித்தல் வாசித்தார். அவள் மகனின் பேர். பெண் மன்னார்ப் பக்கம். அவள் எனக்கு முன் வாங்கில் இருந்தாள், திரும்பிப் பார்க்கவில்லை. கோயில் நிறையச் சனம். அவர்களோடு சேர்ந்துதான் நானும் முதன்முதலாக அதைக் கேட்டேன்.